ஒரு ரோபோவுக்கு எத்தனை பேர்?

"இது எத்தன பேருடா?"

பெட்டியைப் பிரித்து, பிளாஸ்டிக் சட்டங்களைப் பாயில் பரப்பி வைத்தபோது எங்களில் ஒருத்தனுடைய அம்மா கேட்ட கேள்வி இது. மலையகத்துக்கு வெளியே இருந்து வாசிக்கிறவங்களுக்கு மட்டும் ஒரு விளக்கம். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். செக்ரோலில் பேர் விழுந்தால் அன்றைக்குச் சம்பளம் உண்டு, கொழுந்து குறைஞ்சா அரைப்பேர்தான். எங்க வீடுகளில் அரிசி, கொப்பி, சப்பாத்து எல்லாத்துக்கும் கணக்கு ரூபாயில் தொடங்கி கடைசியில் பேரில்தான் வந்து நிற்கும்.

அன்றைக்கு நாங்க பதில் சொல்லவில்லை. பிறகு கன்பிளாவின் வரலாற்றைத் தேடித் தேடி வாசித்தபோதுதான் அம்மா கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று விளங்கியது. அந்த வரலாறே ஒரு விலையில் இருந்துதான் தொடங்குது.

கன்பிளா என்பது 'கண்டம்' என்ற ரோபோ அனிமே தொடரின் பெயரையும் 'பிளாஸ்டிக் மாடல்' என்பதையும் ஒட்டி ஜப்பான்காரர்கள் சுருக்கிய சொல். பெட்டிக்குள் ரோபோ முழுசாக இருக்காது. அதன் துண்டுகள் ரன்னர் என்கிற சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். வெட்டி எடுத்து, படம் பார்த்து, ஒன்றுக்குள் ஒன்றை அழுத்தினால் 'டக்' என்று பொருந்தும். பசை வேண்டாம், பெயின்ட்டும் கட்டாயமில்லை. இன்றைக்கு இதைச் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். ஆனால் அந்த 'டக்' வந்து சேரப் பத்து வருஷத்துக்குக் கிட்ட எடுத்தது.

தொடர் முதன்முதலில் 1979 ஏப்ரல் 7ஆம் திகதி நகோயா தொலைக்காட்சியில் ஓடியது. (இலங்கையில் சுயாதீனத் தொலைக்காட்சி தன் முதல் ஒளிபரப்பைச் செய்தது அதற்கு ஆறே நாள் கழித்து, ஏப்ரல் 13இல். அங்கே ரோபோ விண்வெளியில் சண்டை பிடித்த வாரம்தான் இங்கே டீவி என்ற பெட்டிக்கே உயிர் வந்திருக்கு.) சன்ரைஸ் தயாரித்த அந்தத் தொடரின் இயக்குநர் டொமினோ யோஷியுகி. ரோபோக்களை வடிவமைத்தவர் ஒகாவரா குனியோ. பணம் போட்ட விளம்பரதாரர் குளோவர் என்ற பொம்மை நிறுவனம். குளோவருக்குச் சின்னப்பிள்ளைகளுக்கு விற்க ஒரு பொம்மை வேணும். டொமினோவுக்கோ ஒரு போர்க்கதை சொல்லணும். இரண்டும் ஒத்துப்போகவில்லை. பார்வையாளர் குறைவு, பொம்மையும் எதிர்பார்த்த மாதிரிப் போகவில்லை. 52 அத்தியாயமாகத் திட்டமிட்டதை 43இல் வெட்டி, 1980 ஜனவரி 26இல் முடித்துவிட்டார்கள்.

தோல்வி என்று மூடி வைத்த கோப்பு அது. அதைத் திரும்பத் திறந்தது ரசிகர்கள்தான். பொம்மை வயசைத் தாண்டிய பாடசாலை மாணவர்கள், பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள், அவர்களோடு கணிசமான இளம் பெண்கள். மறு ஒளிபரப்பில் கூட்டம் கூடியது. அவர்களுக்குக் குளோவரின் பளபளப்பான பொம்மை வேண்டாம், திரையில் கண்ட மாதிரியே ஒரு ரோபோ வேணும். பண்டாய் நிறுவனம் பிளாஸ்டிக் மாடல் செய்யும் உரிமையை வாங்கி, 1980 ஜூலையில் முதல் பெட்டியை வெளியிட்டது. கதையில் 18 மீற்றர் உயரமான ரோபோ, 1/144 அளவில் 12.5 சென்றிமீற்றராக. விலை 300 யென். ஒரு பையனோ பிள்ளையோ கைச்செலவுக் காசைக் கொஞ்சம் பிடித்து வைத்தால் எட்டிவிடக்கூடிய விலை. அப்பாவிடம் கேட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை. எங்க கணக்கில், கன்பிளாவின் உண்மையான கண்டுபிடிப்பு ரோபோ இல்லை, இந்த 300 யென்தான்.

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம், எல்லா நாட்டு மோகமும் ஒரே மாதிரித்தான். கடை திறக்கும் முன்னே வரிசை. விலை போகாத பெட்டியையும் சேர்த்து வாங்கினால்தான் கண்டம் கிடைக்கும் என்று கட்டி விற்ற கடைகள். 1981, 82இல் மூன்று திரைப்படங்கள், மாடல் கட்டுவதையே கதையாக்கிய சிறுவர் மங்காக்கள். 1982 ஜனவரியில் சிபா மாகாணத்தில் ஒரு பெரிய கடையின் நகரும் படிக்கட்டில் கண்டம் வாங்க ஓடிய சிறுவர்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து காயப்பட்டார்கள். குளோவர் நிறுவனம் 1983இல் வங்குரோத்தாகிப் போனது. தன் கையில் இருந்தது என்ன என்று அதற்குத் தெரியாமலே போச்சு.

இந்தப் பெட்டிகள் செய்யப்படுகிற ஊரைப் பற்றி வாசித்தபோது எங்களுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பெட்டியின் ஓரத்தைப் பாருங்க, ஜப்பானில் செய்தது என்று இருக்கும். செய்யப்படுவது ஷிசுவோக்காவில். ஷிசுவோக்கா என்றால் ஜப்பான்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ரோபோ இல்லை. தேயிலை!

1869இல் டோக்குகாவா ஆட்சி போன பிறகு வேலையிழந்த சாமுராய்கள் மக்கினொஹாரா மேட்டுநிலத்தை வெட்டித் தேயிலை வைக்கத் தொடங்கினார்கள். ஒயி ஆற்றில் பாலம் கிடையாது. ஆட்களைத் தோளில் தூக்கி அக்கரை சேர்க்கிறதையே தொழிலாகச் செய்த கூலிகள் இருந்தார்கள். படகு அனுமதிக்கப்பட்டதும் பிழைப்புப் போய், அவர்களும் அதே மேட்டில் போய்க் கொத்தினார்கள். அதே 1869இல்தான் இலங்கையில் கோப்பி இலையில் நோய் கண்டது. கோப்பி செத்து, தேயிலை வந்து, எங்க முப்பாட்டன்மார் இந்த மலைகளுக்குள் வந்து சேர்ந்த கதைக்கு அதுவும் ஒரு தொடக்கம். ஷிசுவோக்காவின் ஷிமிசு துறைமுகம் 1899இல் வெளிநாட்டு வியாபாரத்துக்குத் திறக்கப்பட்டது. 1906இல் அங்கிருந்து தேயிலை நேராக அமெரிக்காவுக்குக் கப்பலேறியது.

ஆனால் அங்கே தேயிலையோடு இன்னொன்றும் இருந்தது. மரவேலை. கோயில்கள் கட்ட வந்து தங்கிய தச்சர்களின் ஊர் அது. அந்தக் கைப்பழக்கம் பாடசாலைகளுக்கு மரத்தில் விமானமும் கப்பலும் செய்து கொடுக்கும் தொழிலாக மாறியது. அவோஷிமா 1924இல் தொடங்கியது, ஹசெகாவா 1941இல். டமியா 1946இல் மரம் அறுக்கும் நிறுவனமாகத் தொடங்கியது. 1958இல் மருசான் என்ற நிறுவனம் ஜப்பானின் முதல் பிளாஸ்டிக் மாடலைக் கொண்டு வந்ததும் மர மாடல்கள் படுத்துவிட்டன. ஊரே பிளாஸ்டிக்குக்கு மாறியது. ஷிமிசுவில் இமாய் என்றொரு நிறுவனம் 'தண்டர்பேர்ட்ஸ்' மாடல்களால் ஓகோவென்று இருந்து 1969இல் விழுந்தது. அதன் தொழிற்சாலையையும் அச்சுகளையும் வாங்கித்தான் டோக்கியோ பொம்மை நிறுவனமான பண்டாய் மாடல் தொழிலுக்குள் நுழைந்தது. பதினொரு வருஷம் கழித்து அந்தத் தொழிலில் இருந்து 300 யென் கண்டம் வந்தது. 2006இல் ஷிசுவோக்கா நகரில் பண்டாய் ஹொபி சென்டர் என்ற புதுத் தொழிற்சாலை திறந்தது. இதுவரை விற்ற கன்பிளா 70 கோடிப் பெட்டிகளைத் தாண்டிவிட்டது என்று நிறுவனமே சொல்கிறது.

ஒரு தேயிலை ஊர், தேயிலையோடு நிற்காமல் இன்னொரு தொழிலையும் வளர்த்து உலகத்துக்கு விற்றது. எங்க தேயிலை ஊரில் நூற்றைம்பது வருஷமாக ஸ்டோரைத் தவிர வேறு புகைபோக்கி கிடையாது. கைப்பழக்கம் இல்லாமலா? சின்ன வயசில் நாங்க செய்யாத வண்டி இல்லை. டின்மீன் டப்பாதான் லொறியின் பெட்டி, பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டினால் சக்கரம், குடைக்கம்பி அச்சாணி. எங்க தாத்தா ஒருத்தர் தேயிலைமாரில் செதுக்கிய பம்பரம் இப்பவும் வீட்டில் இருக்கு. தச்சன் இருந்தான், தகரம் அடிக்கிறவன் இருந்தான். அவர்கள் கையில் நிலமோ, கடன் கொடுக்க ஒரு வங்கியோ, ஏன் பல காலம் குடியுரிமையோகூட இருக்கவில்லை. மக்கினொஹாராவைக் கொத்தியவர்கள் நிலத்துக்குச் சொந்தக்காரர்களாகும் வழி இருந்தது. எங்க ஆட்கள் கொத்தியது துரைமார் நிலத்தை. ஒப்பீடு முழுசாகப் பொருந்தாது, தெரியும். ஆனாலும் அந்தப் பெட்டி ஓரத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்த நினைப்பு வந்துதான் போகுது.

இனி அந்த 'டக்' விஷயம். 1980இன் முதல் பெட்டியைக் கட்டுவது இன்றைக்கு மாதிரி லேசு இல்லை. துண்டுகள் எல்லாம் ஒரே வெள்ளை. பெட்டிக்குள் சின்னப் பொட்டலத்தில் பசை இருக்கும். ஒட்டி, காயவைத்து, இணைப்புக்கோட்டைத் தேய்த்து, பிறகு நீலம், சிவப்பு, மஞ்சள் எல்லாம் நாமே பூசணும். பத்து வயசுப் பிள்ளைக்கு 300 யென் எட்டும், ஆனால் பெயின்ட், தூரிகை, காற்றோட்டமான ஒரு இடம்? விலை திறந்த கதவைக் கைத்திறன் பாதி மூடி வைத்திருந்தது.

1980களின் பிற்பகுதியில் பசை தேவைப்படாத மாடல்கள் பரவின. 1990இல் வந்த எச்.ஜி. வரிசையில் ஒரே சட்டத்துக்குள் பல நிறத் துண்டுகளை வார்த்தார்கள். சூடாக்கி உருக்கிய வெவ்வேறு நிறப் பிளாஸ்டிக்கை ஒரே உருக்கு அச்சுக்குள் அழுத்திச் செலுத்துகிற எந்திரம் அதற்கு. பசை இல்லாமல் பொருந்துவதன் சூட்சுமம் எளிதாகத் தெரியும்: ஒரு முளை, ஒரு துளை. ஆனால் முளை ஒரு மயிரளவு பெருத்தால் பிளாஸ்டிக் வெடிக்கும், ஒரு மயிரளவு சிறுத்தால் கை கழன்று விழும். ஆயிரக்கணக்கான தடவை வார்த்த பிறகும் அந்த அளவு மாறக்கூடாது. பிறகு 1995இல் எம்.ஜி., 2010இல் ஆர்.ஜி. என்று நுணுக்கம் கூடிக்கொண்டே போனது, விலையும்தான். அந்த உயர்ந்த வகைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதுறாங்க, நாங்க விட்டுவிடுறோம். எங்களுக்கு முக்கியம் பசையும் பெயின்ட்டும் தேவைப்படாமல் போனதுதான்.

ஏன் என்றால் வட்டவளைக்கு வந்து பாருங்க. வருஷத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை, நாட்டிலேயே அதிகம் நனைகிற இடங்களில் ஒன்று. ஜூன் மாசம் சுவரில் கை வைத்தால் கை ஈரமாகும். மாடலுக்குப் பளபளப்பைக் குறைக்கத் தெளிக்கிற மேற்பூச்சு ஒன்று இருக்கு. ஒரு தடவை கஷ்டப்பட்டு ஒரு டப்பா வாங்கி, மழை விட்ட ஒரு பின்னேரம் லயத்துக்கு வெளியே வைத்து அடித்தோம். காற்றில் இருந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு பூச்சு அப்படியே வெளுத்துவிட்டது. ரோபோ மேலேயே வட்டவளைப் பனி இறங்கின மாதிரி! பூச்சு டப்பாவில் ஈரப்பதம் பற்றிய எச்சரிக்கை இருந்தது, நாங்கதான் வாசிக்கவில்லை. வாசித்திருந்தாலும் எந்த மாசத்தில் அடிக்கிறது என்று தெரியாது.

எங்க முதல் கன்பிளா உண்மையில் கன்பிளாவே இல்லை. ஹட்டனில் திருவிழாக் கடையொன்றில் வாங்கிய பிரதி. பெட்டிப் படம் அச்சு அசல், உள்ளே முளைகள் எல்லாம் லொடலொட. கடைசியில் சுப்பர் குளூ போட்டுத்தான் நிறுத்தினோம், அதனால் கை கால் எதுவும் அசையாது. முகத்தில் பட்ட பேனை மையைத் துடைக்க அக்காவின் நகப்பூச்சு நீக்கியைத் தடவினோம். பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அசற்றோன் கரைக்கும் என்பது எங்க ஏ.எல். கலைப்பிரிவுப் பாடத்தில் இல்லை. முகம் உருகி வழிந்துபோச்சு. ஆனாலும் போலியைக் கேவலமாகப் பேச எங்களுக்கு வாய் வரவில்லை. 1980களில் தென் கொரியாவில் ஒரு தலைமுறையே உரிமம் இல்லாத பிரதிகளைக் கட்டித்தான் வளர்ந்தது. அந்தப் போலி எங்களுக்கு ஒன்றைக் கற்றுத் தந்தது. உருவத்தை யாரும் களவெடுக்கலாம், பொருத்தத்தைக் களவெடுக்கிறதுதான் கஷ்டம்.

தொடரை நாங்க பார்த்தது கொரோனா காலத்தில், பாடசாலை மூடியிருந்தபோது, போனில். சிக்னலுக்காகத் தேயிலை மலையில் மேட்டுக்கு ஏறி நின்று. கதையின் தொடக்கமே எங்களைப் பிடித்துக்கொண்டது. பூமியில் ஆட்கள் கூடிப்போக, மிச்சப்பட்டவர்களை விண்வெளிக் குடியிருப்புகளுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவர்கள் அங்கேயே பிறந்து, பிள்ளை பெற்று, செத்து மண்ணாகிறார்கள். ஆளுவது மட்டும் பூமி. ஒரு குடியிருப்பு சுதந்திரம் கேட்டுப் போர் தொடுக்குது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 அங்கே, 300,000 இங்கே என்று தலையெண்ணிப் பிரிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்க. அந்தக் கதையை எப்படி வெறும் ரோபோ கதையாகப் பார்க்கிறது?

அதற்காகக் கலகக்காரர் பக்கம் சாய்ந்தோம் என்று நினைக்க வேண்டாம். டொமினோ அதைச் சுலபமாக விடவில்லை. நியாயமான கோரிக்கையை ஸாபி என்ற ஒரே குடும்பம் கைப்பற்றிக்கொள்ளுது. போரின் ஆரம்பத்திலேயே மனித இனத்தில் பாதி அழியுது. மூத்த மகனை அவனுடைய தகப்பனே ஹிட்லரோடு ஒப்பிடுகிறான். வஞ்சிக்கப்பட்டவர்களின் பெயரால் பேசுகிறவன் எல்லாம் வஞ்சிக்கப்பட்டவன் இல்லை என்று இந்த நாட்டில் வளர்ந்த எங்களுக்குப் புதுசாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒரு கார்ட்டூன் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

சரி, அம்மாவின் கேள்வி. பாயில் பரப்பியிருந்தது 2020இல் வந்த 'என்ட்ரி கிரேட்' கண்டம். முதல் பெட்டிக்கு நாற்பது வருஷம் கழித்து, அதே ரோபோ, வரி சேர்க்காமல் 700 யென். அந்த வருஷம் ஜப்பானில் மணித்தியாலக் குறைந்தபட்சச் சம்பளத்தின் சராசரி 902 யென். அதாவது அங்கே ஒரு மணித்தியாலம்கூட வேலை செய்யத் தேவையில்லை. இங்கே அன்றைய மாற்று விகிதத்தில் அது 1,200 ரூபாவுக்குக் கிட்ட. தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. அதே எண் 700, ஒன்று யென்னில், மற்றது ரூபாவில்! கப்பல் செலவும் தீர்வையும் கடைக்காரர் லாபமும் சேர்க்கும் முன்னேயே கிட்டத்தட்ட இரண்டு பேர். 2021இல் சம்பளம் 1,000 ஆனது. அந்த வருஷம்தான் கொழும்பில் கடையில் வேலை செய்கிற எங்க அண்ணன் ஒருத்தர் மூலமாகப் பெட்டி எங்க கைக்கு வந்தது, மூன்று பேருக்குக் கொஞ்சம் குறைவாக. நான்கு பேர் சேர்ந்து காசு போட்டோம். 2022இல் டொலர் 200இல் இருந்து 360க்குப் பாய்ந்தபோது பால்மாவுக்கே வரிசை, ரோபோவைப் பற்றி யார் பேசினா? 2024இல் 1,350 ஆகிவிட்டது. பெட்டி விலையும் சும்மா இருக்கவில்லை.

கட்டிய அனுபவத்தையும் சொல்லிவிடுறோம், வாங்க யோசிக்கிறவங்களுக்கு உதவும். இந்த வகையில் துண்டைச் சட்டத்தோடு இணைக்கிற காம்பை மெல்லிசாக வார்த்திருக்கிறார்கள், விரலால் முறுக்கினாலே வந்துவிடும். கத்தி, வெட்டுக்குறடு எதுவும் வேண்டாம். (மற்ற வகைகளுக்கு நாங்க நகவெட்டி பாவிக்கிறோம். காம்பை இரண்டு தடவையாக வெட்டணும், முதலில் தள்ளி, பிறகு ஒட்டி. ஒரே வெட்டில் போனால் வெள்ளைத் தழும்பு விழும்.) ஒட்டுப்படம் ஒன்றுகூட இல்லை. கண்ணின் மஞ்சள்கூடத் தனித் துண்டாக உள்ளே இருந்து எட்டிப் பார்க்கும். முழங்கையும் முழங்காலும் நன்றாக மடியும். துவக்கும் கேடயமும் உண்டு, கையில் பிடிக்க வாள் இல்லை. அது ஒரு குறை, எங்க கூட்டத்தில் ஒருத்தனுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. பள்ளக்கோடுகளில் 0.5 பென்சிலை ஓடவிட்டு விரலால் துடைத்தால் போதும், பெயின்ட் அடித்த மாதிரி எடுப்பாகத் தெரியும். மழை மாசத்திலும் செய்யலாம்.

மிஞ்சின வெற்றுச் சட்டங்களை எறியாதீங்க. ஜப்பானில் 2021 முதல் பண்டாய் அவற்றைச் சேகரித்துத் திரும்ப உருக்குது. இங்கே அப்படிச் சேகரிப்பு இல்லை, அடுப்பில் போட்டால் நச்சுப்புகை. எங்க வீட்டில் அம்மா அதை ஜன்னலில் கட்டி, பீர்க்கங்கொடி ஏற விட்டிருக்கிறார்.

அந்த ரோபோ இப்போது எங்களிடம் இல்லை. கம்பஸ் தொடங்கிப் பேராதனைக்கு வந்தபோது பக்கத்து லயத்தில் நாலாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வந்தோம். போன விடுமுறைக்குப் போனபோது ரோபோவைக் காணோம். கேட்டதற்கு ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினாள். எல்லாத் துண்டுகளும் கழற்றி, நிறம் நிறமாகப் பிரித்து, பேப்பரில் சுற்றி வைத்திருந்தாள். இதுவரை பதினாறு தடவை கட்டியிருக்கிறாளாம். கழற்றுறதுதான் கஷ்டம் மாமா, சேக்கிறது லேசு என்றாள். இடது முழங்கை மட்டும் கொஞ்சம் லொடலொட என்று ஆகியிருந்தது. அதற்குத் தேயிலைப் பொதி ஈயத்தாளில் ஒரு சின்னத் துண்டு வெட்டி, முளையில் சுற்றி இறுக்கியிருந்தாள்.